டவுசரை அவிழ்க்கச் சொல்லாத டாக்டர்



நீளமான பதிவு. நேரமில்லாதவர்கள் ஒரு லைக் போட்டுவிட்டுப் போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பையன் இருக்கிற வீட்டுக்காரர்களும், இன்னும் பணியில் இருக்கிற ஆசிரியர்களும் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள்.

போன வாரம் மருத்துவக் கல்வி பற்றி ஒரு நண்பர் போட்ட பதிவின் கீழே, "இப்போது மருத்துவ மாணவர்கள் நோயாளியைப் பார்ப்பதைவிடக் கைப்பேசியைத்தான் அதிகம் பார்க்கிறார்கள்" என்று ஒரு வரி எழுதினேன். உடனே ஒரு தம்பி வந்து, "சார், நீங்க ஒண்ணாம் வகுப்பு வாத்தியார். சர்ஜரியைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்? அ, ஆ சொல்லிக் கொடுக்கறதோட நிறுத்திக்குங்க" என்று பதில் போட்டார். அதற்குப் பதினேழு பேர் சிரித்திருந்தார்கள். அதில் இரண்டு பேர் என்னிடம் அ, ஆ படித்தவர்கள்.

தம்பி சொன்னதில் பாதி உண்மை. நான் படித்தது பன்னிரண்டாம் வகுப்புக்கு மேல் இரண்டு வருட ஆசிரியர் பயிற்சிப் பட்டயம். அவ்வளவுதான். கத்தி பிடிக்கத் தெரியாது. ஆனால் ஒரு விஷயத்தை ஒருவன் கற்றுக்கொண்டிருக்கிறானா, இல்லை ஒப்பிக்கிறானா என்று கண்டுபிடிக்கத் தெரியும். முப்பத்து நான்கு வருடம் அதற்குத்தான் சம்பளம் வாங்கினேன். அந்தத் தகுதியில்தான் இதை எழுதுகிறேன்.

என் தங்கையின் பேத்தி எம்.பி.பி.எஸ். கடைசி வருடம் படிக்கிறாள். விடுமுறைக்கு வந்து பத்து நாள் எங்கள் வீட்டில் இருந்தாள். நல்ல பிள்ளை, கெட்டிக்காரி. காலை ஐந்து மணிக்கு எழுந்து கைப்பேசியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஒன்பது மணி வரை தலை நிமிராது. என்னம்மா படிக்கிறாய் என்றால், "சர்ஜரி தாத்தா. ஒரு நாளைக்கு நூறு கேள்வி" என்றாள். கேள்வி ஒன்று வரும், கீழே நான்கு விடை வரும், ஒன்றைத் தொடுவாள். பச்சை வந்தால் அடுத்தது. சிவப்பு வந்தால் கீழே இருக்கிற விளக்கத்தை வேகமாக ஒரு பார்வை, பிறகு அடுத்தது. எஸ். தாஸ் எழுதிய கிளினிக்கல் சர்ஜரிப் புத்தகம் ஒன்று கொண்டு வந்திருந்தாள். அது மடிக்கணினிக்கு முட்டுக் கொடுக்கப் பயன்பட்டது.

ஒரு நாள் காபி குடிக்கும்போது சும்மா கேட்டேன். "பாப்பா, பதின்மூணு வயசுப் பையன். காலையிலேர்ந்து அடிவயிறு வலிங்கறான். ரெண்டு தடவை வாந்தி. உன்கிட்ட கூட்டிட்டு வர்றாங்க. நீ முதல்ல என்ன செய்வே?"

அவள் காபியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: "ஆப்ஷன் சொல்லுங்க தாத்தா."

விளையாட்டாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டாள். ஆப்ஷன் இல்லை, அவனும் நீயும்தான் இருக்கிறீர்கள் என்றேன். யோசித்தாள். அப்பெண்டிக்ஸ் என்றாள், ரத்தப் பரிசோதனை என்றாள், வயிற்றுக்கு அல்ட்ராசவுண்ட் என்றாள். நான் பேசாமல் இருந்தேன். கடைசிவரை அந்தப் பையனின் டவுசரை அவள் அவிழ்க்கவில்லை.

அதன் பிறகு, "விதை முறுக்கிக்கொண்டால் எத்தனை மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்ய வேண்டும்?" என்று கேட்டேன். கண் இமைக்கும் நேரத்தில் பதில் வந்தது. "ஆறு மணி நேரம் தாத்தா. டெஸ்டிகுலர் டார்ஷன். கிரிமாஸ்டரிக் ரிஃப்ளெக்ஸ் இருக்காது. இந்த ரெண்டும் திரும்பத் திரும்ப வர்ற கேள்வி."

இரண்டும் ஒரே பையன்தான் என்பது அவளுக்குத் தோன்றவில்லை. வயிற்று வலி ஒரு அத்தியாயத்தில் இருக்கிறது, விதை இன்னொரு அத்தியாயத்தில் இருக்கிறது. நோயாளி அத்தியாயமாக வருவதில்லை.

இந்தக் கேள்வியை நான் எங்கிருந்து எடுத்தேன் என்று சொல்லிவிடுகிறேன். இத்தனை வருடம் வெளியே சொன்னதில்லை.

1996. மழைக்காலம். ஒரு நடுநிலைப் பள்ளியில் இருந்தேன். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் காலை வழிபாட்டுக் கூட்டத்திலேயே வாந்தி எடுத்தான். என்னடா சாப்பிட்டாய் என்றேன். பழையது சார் என்றான். எனக்கு அது போதுமானதாக இருந்தது. ஓமத் திரவம் கொடுத்து பெஞ்சில் படுக்க வைத்தேன். அவன் நேராகப் படுக்காமல் சுருண்டு, கையைத் தொடை இடுக்கில் வைத்து அழுத்திக்கொண்டான். நான் என்ன செய்தேன் தெரியுமா? "கையை எடுடா அங்கேருந்து" என்று அதட்டினேன். வகுப்பே சிரித்தது. அவன் கையை எடுத்து வயிற்றின் மேல் வைத்துக்கொண்டான். அதற்குப் பிறகு யார் எங்கே வலிக்கிறது என்று கேட்டாலும் வயிற்றைத்தான் காட்டினான்.

மத்தியானம் அவன் அப்பா சைக்கிளில் வந்து கூட்டிக்கொண்டு போனார். கடைத்தெருவில் ஒரு டாக்டர், இளம் வயது. சட்டைக்கு மேலேயே வயிற்றை நாலு இடத்தில் அழுத்திப் பார்த்து, வெளிக்குப் போனானா என்று கேட்டு, கேஸ் டிரபிள் என்று ஒரு ஊசி போட்டு அனுப்பிவிட்டார். ஊசி போட்டதைக் குறை சொல்லவில்லை. வலிக்கு மருந்து கொடுப்பது தப்பில்லை. பார்க்காமல் அனுப்பியதுதான் தப்பு. ராத்திரி முழுக்கப் பையன் முனகியிருக்கிறான். மறுநாள் காலையில் என் டிவிஎஸ் 50இல் அப்பாவையும் பையனையும் ஏற்றிக்கொண்டு நானே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அங்கே வார்டில் ஐந்தாறு மாணவர்கள். ஆளுக்கொரு தடவை வயிற்றை அழுத்தினார்கள். ஒருவர் அப்பெண்டிக்ஸ் என்றார், ஒருவர் பூச்சி என்றார். பிறகு வயதான சர்ஜன் ஒருவர் வந்தார். பையன் நடந்து வந்து கட்டிலில் ஏறுவதை மட்டும் பார்த்தார். கால்களை அகற்றி வைத்து நடந்தான். அவர் மாணவர்களைப் பார்த்துக் கேட்டது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "எல்லாரும் பாத்துட்டீங்களா? சரி. யாராவது டவுசரை அவிழ்த்துப் பாத்தீங்களா?"

ஒருவரும் பேசவில்லை. திரையை இழுக்கச் சொன்னார். அப்பாவை மட்டும் பக்கத்தில் நிற்க வைத்தார். "தம்பி, உனக்கு வலிக்கிற இடத்தைப் பார்க்கப் போறேன், வலிச்சா சொல்லு, நிறுத்திடறேன்" என்றார். பிறகு வெளியே வந்து என்னைக் கேட்டார்: "வாத்தியாரே, எப்ப வலின்னு சொன்னான்?"

"நேத்துக் காலையில ஒம்பதே கால் சார்."

அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. அன்றே ஆபரேஷன் செய்தார்கள். ஒரு பக்கம் கறுத்துச் செத்துப்போயிருந்தது, எடுத்துவிட்டார்கள். இன்னொரு பக்கமும் அப்படி முறுக்கிக்கொள்ளும் அமைப்பாகவே பெரும்பாலும் இருக்கும் என்பதால் அதைத் தையல் போட்டு நிலைநிறுத்தினார்கள். ஒரு விதை இருந்தாலே போதும், அவனுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். என்னைப் பார்த்தால் வணக்கம் சார் என்பான். எனக்குத்தான் அவன் முகத்தை நேராகப் பார்க்க முடியாது.

அந்த மூன்று நாளும் நான் வார்டில் இருந்தேன். சர்ஜன் கட்டிலுக்குக் கட்டில் நின்று மாணவர்களுக்குச் சொன்னதெல்லாம் எனக்குச் சுத்தமாகப் புரிந்தது. இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. நல்ல ஆசிரியர் சொன்னால் யாருக்கும் புரியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

விதை முறுக்கினால் வயிறு ஏன் வலிக்க வேண்டும்? அவர் சொன்னது இது. குழந்தை கருவில் வளரும்போது விதை உருவாவது கீழே அல்ல, வயிற்றுக்குள் சிறுநீரகத்துக்குப் பக்கத்தில். பிறகுதான் கீழே இறங்குகிறது. இறங்கும்போது ரத்தக்குழாயையும் நரம்பையும் பிறந்த வீட்டிலிருந்தே இழுத்துக்கொண்டு வருகிறது. அதனால் அங்கே அடிபட்டால் சேதி பிறந்த வீட்டுக்குத்தான் போகும். அப்பெண்டிக்ஸும் அப்படித்தான், ஆரம்பத்தில் தொப்புளைச் சுற்றி வலிக்கும். வீக்கம் வெளிச் சவ்வைத் தொட்ட பிறகுதான் வலி வலது பக்கம் கீழே இறங்கி ஓரிடத்தில் நிற்கும். மக்பர்னி என்ற அமெரிக்க சர்ஜன் 1889இல் குறித்துவைத்த இடம் அது. இதையும் என் பேத்தியிடம் கேட்டேன். "டி10 நரம்பு தாத்தா, ரெண்டுக்கும் அதே" என்றாள். எண் தெரிந்திருக்கிறது பாருங்கள். அந்த எண் ஒரு பையனின் டவுசர் வரைக்கும் போய்ச் சேரவில்லை.

பக்கத்துக் கட்டிலில் எழுபது வயதுப் பாட்டி ஒருவர். வயிறு உப்பி, வாந்தி, மலமும் காற்றும் போகவில்லை. சர்ஜன் நேராகத் தொடை ஆரம்பிக்கிற மடிப்பில் விரலை வைத்தார். எலுமிச்சம்பழம் அளவு கட்டி. குடலிறக்கம். பாட்டி வெட்கப்பட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லவில்லை, யாரும் சேலையை விலக்கிப் பார்க்கவும் இல்லை. சைக்கிள் டயரில் கிழிசல் இருந்தால் ட்யூப் பிதுங்குமே, அதுதான் குடலிறக்கம். அழுத்தினால் உள்ளே போகிறவரை அவசரம் இல்லை. உள்ளே போகாமல் மாட்டிக்கொண்டு, கிழிசலின் விளிம்பு கழுத்தை நெரிக்க ஆரம்பித்தால் ரத்தம் நின்று அந்தத் துண்டுக் குடல் அழுகிவிடும். பிறகு மணிக்கணக்குத்தான். வயதான பெண்களுக்குத் தொடை மடிப்பில் வருவது சிறியதாக இருக்கும், கண்ணில் படாது, சீக்கிரம் நெரியும். அதனால் வயிற்று வலி என்று யார் வந்தாலும் கவட்டை இரண்டு பக்கமும் பார்க்காமல் கையைக் கழுவக்கூடாது என்றார் அவர்.

இவ்வளவுதான் நண்பர்களே. எம்.பி.பி.எஸ். மாணவருக்கு சர்ஜரியில் வேண்டிய அடிப்படையில் பெரும்பகுதி இந்த மாதிரிதான். கேள். பார். தொடு. தட்டு. வயிற்றின் மேல் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேள். கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு வை. வலிக்கிற இடத்திலிருந்து தள்ளி ஆரம்பி. அழுத்தும்போது உன் கையைப் பார்க்காதே, நோயாளியின் முகத்தைப் பார். குழந்தையை ஒற்றை விரலால் வலிக்கிற இடத்தைக் காட்டச் சொல், எழுந்து ஒரு குதி குதிக்கச் சொல். குதிக்க மறுக்கிற குழந்தையின் வயிற்றுக்குள் ஏதோ வேலை நடக்கிறது. சர்க்கரை நோயாளி வந்தால் செருப்பையும் சாக்ஸையும் கழற்றச் சொல், விரல் இடுக்கைப் பார். நன்றாக இருந்தவருக்கு வந்த கடுமையான வயிற்று வலி ஆறு மணி நேரமாகியும் நிற்கவில்லையா, வேறு என்று தெளிவாகும்வரை கத்தி வேண்டிய வலி என்றே நினை. நீ அறுக்க வேண்டாம். அறுக்கிறவரிடம் நேரத்தோடு அனுப்பத் தெரிந்தால் போதும்.

இதில் எதை நான்கில் ஒன்றாகக் கேட்க முடியும்? கேட்கலாம், பதிலும் சொல்வார்கள். ஆனால் செய்வார்களா?

பழக்கப்பட்ட முகம் ஒன்று நான்கு பேர் நடுவில் நின்றால் அடையாளம் காட்டுவது சுலபம். யாருமே இல்லாத இடத்தில் அந்த முகத்தை நினைவிலிருந்து வரைவது வேறு வேலை. இதை எங்களுக்குப் பயிற்சிப் பள்ளியில் முதல் வருடமே சொல்லித்தந்துவிட்டார்கள். நான்கு விடையில் சரியானதைத் தொடுகிற பிள்ளையும், விடையே இல்லாத இடத்தில் கேள்வியை உருவாக்குகிற பிள்ளையும் ஒன்றல்ல. டாக்டர் வேலை இரண்டாவது வேலை.

2007ஆம் வருடம் வாக்கில் தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றிலும் செயல்வழிக் கற்றல் வந்தது. நாற்பத்தைந்து வயதுக்கு மேல் எங்களைத் தரையில் பாயில் உட்கார வைத்தார்கள். அட்டை, மணி, புளியங்கொட்டை. மேலே நின்று பேசாதே, பிள்ளை கையால் செய்து கற்கட்டும் என்றார்கள். நானும் முதலில் முணுமுணுத்தவன்தான், முழங்கால் வலி வேறு. பிறகு ஒத்துக்கொண்டேன். கூட்டலைப் புளியங்கொட்டை வைத்துத்தான் கற்க வேண்டும் என்று ஆறு வயதுப் பிள்ளைக்குச் சட்டம் போட்ட நாட்டில், வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதை மட்டும் கைப்பேசித் திரையில் கற்றுக்கொள்ளலாமா?

இனி எதிர்ப்பக்கம் சொல்வதற்கு வருகிறேன்.

"இப்ப ஸ்கேன் இருக்கு சார், உங்க காலம் இல்லை." ஸ்கேன் நல்லதுதான், என் கணையத்தைக் காப்பாற்றியதே ஸ்கேன்தான். ஆனால் ஸ்கேன் கருவிக்கு மூளை கிடையாது. சீட்டில் வயிறு என்று எழுதினால் வயிற்றில்தான் ஜெல் தடவுவார்கள். அந்தப் பையனுக்கு வயிற்று ஸ்கேன் எடுத்திருந்தால் எல்லாம் நார்மல் என்று அழகாக அச்சடித்து வந்திருக்கும், அதைக் காட்டி இன்னும் தைரியமாக வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். எங்கே பார்க்க வேண்டும் என்று கருவிக்குச் சொல்ல வேண்டியது கை. தவிரவும், முறுக்கு என்று கை தெளிவாகச் சொன்னால் ஸ்கேனுக்காகக் காத்திருக்கக்கூடாது, நேராக ஆபரேஷன் என்பதுதான் சர்ஜரிப் பாடமே. ராத்திரி பதினொரு மணிக்குத் தாலுகா ஆஸ்பத்திரியில் எந்த ஸ்கேன் அறை திறந்திருக்கிறது, சொல்லுங்கள்.

சின்ன விஷயத்தைத் தவறாமல் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். உலக சுகாதார நிறுவனம் 2008இல் ஆபரேஷன் தியேட்டருக்கு என்று ஒரு பட்டியல் கொண்டுவந்தது. மொத்தம் பத்தொன்பது வரி. நோயாளி பெயர் என்ன, எந்தப் பக்கம் அறுக்கப் போகிறோம், எண்ணிய பஞ்சு சரியாக இருக்கிறதா, இப்படி. சத்தம் போட்டுக் கேட்டுச் சொல்ல வேண்டும். நம் டில்லி உட்பட எட்டு ஊர் ஆஸ்பத்திரிகளில் செய்து பார்த்தார்கள். 2009இல் முடிவு வந்தது. ஆபரேஷன் ஆனவர்களில் இறப்பு நூற்றுக்கு 1.5 இருந்தது 0.8 ஆனது. எங்கள் வருகைப் பதிவேடு மாதிரி ஒரு காகிதம். தினமும் முகத்தைப் பார்த்துப் பெயரைக் கூப்பிடுவதில் என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்களுக்கு இதைச் சொல்கிறேன்.

"சர்ஜரி சர்ஜனுக்கு, எல்லா எம்.பி.பி.எஸ்.ஸுக்கும் எதற்கு?" என்று ஒருவர் கேட்டிருந்தார். அந்தப் பையனை முதலில் பார்த்தவர் சர்ஜன் இல்லையே ஐயா! சர்ஜன் கைக்கு வந்தபோது இருபத்து நான்கு மணி நேரம் ஆகிவிட்டது. ஆறு மணி நேரம் என்பது முதலில் பார்க்கிறவர் கையில் இருக்கிற நேரம். வாத்தியார் கையில், அப்பா கையில், கடைத்தெரு டாக்டர் கையில்.

மூன்றாவதாகச் சொல்வதுதான் நியாயமானது, அதற்கு என்னிடம் முழுப் பதில் கிடையாது. என் பேத்தியே கேட்டாள். "தாத்தா, வார்டுல நின்னு நான் வயிறு பாக்கக் கத்துக்கிட்டா எனக்கு எத்தனை மார்க்?"

பூஜ்யம். மேல்படிப்புக்கான நீட் தேர்வில் இருநூறு கேள்வி, மூன்றரை மணி நேரம், எண்ணூறு மதிப்பெண். எல்லாமே நான்கில் ஒன்று. நோயாளியைத் தொட்டுப் பார்த்ததற்கு அதில் இடமே இல்லை. அந்த ஒரு தேர்வில் வாங்குகிற ரேங்க்தான் அவள் வாழ்நாள் முழுவதும் என்ன டாக்டராக இருப்பாள் என்பதைத் தீர்மானிக்கிறது. பயிற்சி மருத்துவர் வருடத்தில் பாதி நாள் ரத்தம் எடுக்க, சாம்பிள் கொண்டு ஓட, படிவம் நிரப்ப, மீதிப் பாதி நாள் மறைந்து நின்று கேள்வி படிக்க. நான் அவள் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் செய்வேன். பிள்ளைகளைக் குற்றம் சொல்லவில்லை. எதற்கு மார்க்கோ அதைத்தான் பிள்ளை படிக்கும், ஒன்றாம் வகுப்பிலிருந்து இதுதான் விதி. குற்றம் கேள்வித்தாள் எடுத்தவர் மேல்.

அந்தத் தேர்வையாவது புனிதமாக வைத்திருக்கிறார்களா? 2023இல் இடம் நிரம்பவில்லை என்று தகுதி மதிப்பெண்ணைப் பூஜ்ய பர்சன்டைல் ஆக்கினார்கள். அப்படியானால் அது எதை வடிகட்டுகிற சல்லடை? கடைசி வருடத்தில் நெக்ஸ்ட் என்று பொதுத் தேர்வு, அதில் இரண்டாம் கட்டம் செய்முறை என்றார்கள். 2019 சட்டத்தில் இருக்கிறது, 2023இல் ஒத்திவைத்தார்கள். அந்தத் தேர்வு வேண்டுமா வேண்டாமா, மாநில உரிமை என்ன ஆவது என்பது தனிச் சண்டை, அதை இங்கே போடாதீர்கள். யார் நடத்தினாலும், கட்டிலருகே நின்று ஒரு பெரியவர் பார்க்க, பிள்ளை ஒரு நோயாளியை முழுதாகப் பரிசோதித்துக் காட்டட்டும். அதற்கு ரேங்கில் கால் பங்காவது மதிப்பெண் கொடுங்கள் என்கிறேன். எங்கள் பட்டயப் படிப்பில் நாற்பது பிள்ளைகள் முன்னால் நின்று பாடம் நடத்திக் காட்டாமல் யாரும் வாத்தியார் ஆகிவிட முடியாது. பின் பெஞ்சில் ஒரு கடுகடுத்த ஆள் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பார். அ, ஆ சொல்லிக் கொடுக்கவே அவ்வளவு.

கல்லூரியில் செய்முறைத் தேர்வு இப்போதும் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. அதில் வருகிற நோயாளிகள் வருடாவருடம் அதே ஆட்கள், தங்கள் வியாதியைத் தாங்களே ஆங்கிலத்தில் சொல்லிவிடுவார்கள் என்று பேத்தி சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்னொன்று. வார்த்தை. அந்த இடத்தை என்ன சொல்லிக் கேட்பாய் என்றேன் அவளிடம். ஆங்கிலத்தில் சொன்னாள். பதின்மூன்று வயதுக் கிராமத்துப் பையனிடம்? முகம் சிவந்துவிட்டது. விதை, விரை, கவட்டை என்ற சொற்கள் அவள் வாயில் வரவில்லை. கெட்ட வார்த்தை மாதிரி இருக்கிறது தாத்தா என்றாள். டாக்டருக்கே கூச்சமாக இருந்தால் பையன் எப்படிச் சொல்வான்? யாழ்ப்பாணம் மானிப்பாயில் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் என்ற அமெரிக்க மிஷன் டாக்டர் மாணவர்களுக்குத் தமிழிலேயே மருத்துவம் நடத்தினார். 'இரண வைத்தியம்' என்று ஒரு முழு சர்ஜரிப் புத்தகம் 1867இல் தமிழில் வந்தது. கார்பாலிக் அமிலத்தால் புண்ணைச் சீழ் பிடிக்காமல் காக்கலாம் என்று லிஸ்டர் இங்கிலாந்துப் பத்திரிகையில் எழுதிய அதே வருடம். பாடம் எந்த மொழியில் இருக்க வேண்டும் என்ற சண்டைக்கு நான் வரவில்லை. நோயாளியிடம் கேட்கிற ஐம்பது கேள்வியையாவது அந்தந்த வட்டாரத்துப் பேச்சில் வாய்விட்டுக் கேட்கப் பழக்குங்கள் என்கிறேன். திரை போட்டு, பெற்றவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்து, என்ன செய்யப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் பார்ப்பதையும் சேர்த்து. பெண் டாக்டர் பையனைப் பார்ப்பதற்கும் ஆண் டாக்டர் பாட்டியைப் பார்ப்பதற்கும் இதுதான் வழி. வெட்கத்தை நோயாளி தலையில் கட்டிவிட்டுத் தப்பிக்கக்கூடாது.

ஆசிரியர் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. பத்திலிருந்து பதினெட்டு வயதுப் பையன் திடீரென்று அடிவயிறு வலி என்று சொல்லி வாந்தியும் எடுத்தால், தனியாகக் கூப்பிட்டு, கீழேயும் வலிக்கிறதா என்று கேளுங்கள். ஆமாம் என்றால், ஏன், அவன் தயங்கினால்கூட, மத்தியான மணி அடிக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். வீட்டுக்குப் போன் போட்டு நேராகச் சர்ஜன் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். காலையில் எத்தனை மணிக்கு வலி ஆரம்பித்தது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். கையை எங்கே வைத்திருக்கிறான் என்று பாருங்கள். அதட்டாதீர்கள்.

பேத்தி ஊருக்குப் போன பிறகு போன ஞாயிற்றுக்கிழமை போன் செய்தாள். காஷுவாலிட்டியில் அவளை நிற்க வைத்திருக்கிறார்கள். பதினோரு வயதுப் பையன், வயிற்று வலி. திரையை இழுத்து, அம்மாவை நிற்க வைத்து, டியூட்டி டாக்டர் பக்கத்தில் இருக்க, கேட்டுப் பார்த்திருக்கிறாள். "ஒண்ணும் இல்ல தாத்தா, மலச்சிக்கல்தான்" என்றாள். பிறகு, "இந்த ஒரு மணி நேரத்துல இருபது கேள்வி போயிடுச்சு" என்றாள். அது விளையாட்டுக்குச் சொன்னதா, வருத்தமா என்று எனக்குத் தெரியவில்லை.

சிரித்த பதினேழு பேரும் வந்து பதில் எழுதலாம். டாக்டர்கள் இருந்தால் நான் தப்பாகச் சொன்னதைத் திருத்துங்கள், திருத்திக்கொள்கிறேன். நாளைக்குக் காலையில் பென்ஷனுக்கு உயிர்வாழ் சான்று கொடுக்கக் கருவூலம் போக வேண்டும், பதில் சொல்ல மாலை ஆகும்.